கொதிநீரில் பழகிய உடம்பு

ஜெர்மனியின் எசன் நகரின் வடகிழக்கில் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் இன்றும் நிற்கிறது. 1986 டிசம்பர் 23 அன்று அங்கே கரி வெட்டுவது நின்றது. 2001-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கரியோடு மேலே வந்த கழிவுக்கல்லைக் கொட்டிக் கொட்டி உருவான குன்றுகள் எசன் அடங்கிய ரூர் வட்டாரம் நெடுகிலும் இருக்கின்றன. பலவற்றின் மேல் இப்போது மரங்கள் வளர்ந்துவிட்டன. ஊர்மக்கள் அங்கே மாலை நடை போகிறார்கள்.

நிலக்கரிக் கழிவு செத்த பொருள் அல்ல. அதில் கலந்திருக்கும் இரும்புச் சல்பைடு காற்றும் ஈரமும் பட்டால் மெல்ல எரியத் தொடங்கும். சூடு ஏறும், கந்தக அமிலம் கசியும், குன்றின் வயிறு ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 1970-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இப்படிக் கனன்ற ஒரு கழிவுக்குன்றிலிருந்து தாமஸ் பிராக்கின் குழு ஓர் உயிரைப் பிரித்தெடுத்தது. அதன் பெயர் தெர்மோபிளாஸ்மா அசிடோஃபிலம். ஏறக்குறைய 59 டிகிரி வெப்பத்தில், துணியை ஓட்டை போடும் அமிலத்தில், சுற்றுச்சுவர்கூட இல்லாத வெறும் சவ்வு உடம்போடு அது வாழ்ந்துகொண்டிருந்தது. பாக்டீரியாவும் அல்லாத, நம் செல்களைச் சேர்ந்ததும் அல்லாத ஆர்க்கியா என்னும் மூன்றாம் குலத்தில் அதற்குப் பின்னாளில் இடம் கிடைத்தது.

கரி நகரமான எசன், கரிக்குப் பிறகு இத்தகைய உயிர்களின் நகரமும் ஆனது. 2003-இல் டூயிஸ்பர்க், எசன் பல்கலைக்கழகங்கள் ஒன்றாக இணைந்தன. அதன் எசன் வளாகத்தில் முதலில் ரைன்ஹார்ட் ஹென்சலும், அவருக்குப் பின் பெட்டினா ஸீபர்ஸும் வெப்பவிரும்பி ஆர்க்கியாக்களின் வளர்சிதைமாற்றத்தை ஆராய்ந்துவந்திருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைப் பக்கத்தில் கதிர்வீச்சு உயிரியல் நிறுவனம் ஒன்று இருக்கிறது. கதிர் பட்ட செல் உடைந்த டி.என்.ஏ.வை எப்படி ஒட்டுகிறது என்பது கியோர்கோஸ் இலியாக்கிஸ் அங்கே தொடர்ந்து ஆராய்ந்த கேள்வி. 2013 முதல் புரோட்டான் கற்றையால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மையமும் இதே ஊரில் இயங்குகிறது.

வெப்பத்தை உயிர் எப்படித் தாங்குகிறது, கதிரை உயிர் எப்படித் தாங்குகிறது என்ற இரண்டும் வெவ்வேறு துறைகளாகத் தெரியும். கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் இரண்டும் பெரும்பாலும் ஒரே கேள்வி என்றுதான் படுகிறது.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. மனிதனின் முழு உடம்பின் மேல் 4 அல்லது 5 கிரே ஒரே சமயத்தில் விழுந்து, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அந்த 5 கிரேயை வெறும் சூடாக மாற்றினால் தண்ணீரின் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். ஒரு வாய்த் தேநீரில் இருக்கும் சூடுகூட இல்லை. ஆற்றலின் மொத்த அளவு கொல்வதில்லை. அது விழும் இடமும் விதமும்தான் கொல்கின்றன. கதிர் நீர் மூலக்கூறுகளை உடைக்கிறது. அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் துணுக்குகள் எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கின்றன. டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் அதுதான் பெருங்காயம். மனிதச் செல்லில் ஒரு கிரேக்குச் சில பத்து அறுப்புகள் விழுகின்றன.

மும்பை டிராம்பேயில் 1974 முதல் இயங்கும் ஐசோமெட் ஆலையில் ஊசி, பஞ்சு, கையுறை ஆகியவற்றை நுண்ணுயிர் நீக்கம் செய்ய காமாக் கதிர் பயன்படுகிறது. இந்த வேலைக்கு உலகெங்கும் வழக்கமான அளவு 25 கிலோகிரே, அதாவது 25,000 கிரே. உயிருள்ளது எதுவும் மிஞ்சக் கூடாது என்பதற்காக வைத்த அளவு அது.

இனி கொலோன் நகரத்துக்கு வரலாம். எசனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்குள்ள ஜெர்மன் விண்வெளி மையத்தில் கிறிஸ்டினா பெப்லோ, பெட்ரா ரெட்பெர்க் முதலானோர் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஹூபர், ரைன்ஹார்ட் விர்த் ஆகியோரோடு சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. பதினான்கு வெப்பவிரும்பி இனங்களை எடுத்து அயனியாக்கும் கதிரையும் புறஊதாக் கதிரையும் தனித்தனியே பாய்ச்சினார்கள். பதினான்கில் ஒன்பது, எதிர்பாராத அளவுக்கு அயனியாக்கும் கதிரைத் தாங்கின. அக்விஃபெக்ஸ் பைரோஃபிலஸ், இக்னிகாக்கஸ் ஹாஸ்பிட்டாலிஸ் என்ற இரண்டு இனங்களில் 20 கிலோகிரேக்குப் பிறகும் உயிர் இருந்தது. ஐசோமெட்டின் ஊசிகள் பெறும் அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு!

இந்த இரண்டு உயிர்களுமே ஐஸ்லாந்துக்கு வடக்கே, கோல்பெய்ன்ஸி என்ற கடலடி எரிமலைத் தொடரிலிருந்து வந்தவை. இவற்றைக் கையாள்வதே தனிக்கலை. 90 டிகிரியில் வளர்வதைச் சாதாரணத் தட்டில் வளர்க்க முடியாது, அகர் உருகிக் கூழாகிவிடும். இக்னிகாக்கஸுக்கு ஆக்ஸிஜன் ஆகவே ஆகாது. கந்தகத் தூள், ஹைட்ரஜன், உப்புநீர் மூன்றையும் அடைத்து மூடிய தடித்த கண்ணாடிக் குப்பிகளில்தான் அது வளரும். எனவே கதிர் பட்ட பின் எத்தனை பிழைத்தன என்பதைத் தட்டில் புள்ளி புள்ளியாக எண்ண முடிவதில்லை. ஒரு குப்பியிலிருந்து பத்தில் ஒரு பங்கை அடுத்த குப்பிக்கும், அதிலிருந்து பத்தில் ஒன்றை அதற்கடுத்ததற்கும் மாற்றிக்கொண்டே போய், வரிசையாகச் சூட்டில் வைத்து, நாள்கணக்கில் காத்திருந்து, எந்தக் குப்பி வரை கலங்குகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாகக் கலங்கிய குப்பியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பிழைத்தவற்றின் எண்ணிக்கை கிடைக்கும். ஒரே ஒரு செல் பிழைத்திருந்தாலும் அது ஒரு குப்பியையே கலக்கிவிடும்.

புறஊதாவில் கதை மாறியது. அந்தப் பதினான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தாங்கின, யாரும் தனித்து நிற்கவில்லை. உலர வைத்துவிட்டுப் புறஊதாவைப் பாய்ச்சியபோது, நீரில் மிதந்தவற்றைவிட உலர்ந்தவை சீக்கிரம் செத்தன. ஆனால் சல்பைடு தாதுத் தூளை அவற்றோடு கலந்துவிட்டால் அந்தப் பலவீனம் நீங்கிவிட்டது. கடலடியில் அவை ஒட்டி வாழ்வதும் அப்படிப்பட்ட பாறையில்தான்.

இவ்வளவு கதிரைத் தாங்கும் திறமை இவற்றுக்கு எதற்கு? பூமியில் இயற்கையாக எங்கும் இந்த அளவுக் கதிர் விழுவதில்லை. ஜப்பானின் மிசாசா வெந்நீரூற்று ரேடான் கலந்த நீருக்குப் பேர் போனது. அங்கிருந்து 1973-இல் கதிர் தாங்கும் பாக்டீரியா ஒன்று கிடைத்தது. இன்று அதன் பெயர் ரூப்ரோபாக்டர் ரேடியோடாலரன்ஸ். ஊற்று கதிரியக்கம் உள்ளது, உயிரும் கதிரைத் தாங்குகிறது என்று இரண்டையும் முடிச்சுப் போட ஆசை வரும். அந்தக் கணக்கு நிற்காது. ஊற்றில் கிடைக்கும் கதிர் எங்கே, அந்த உயிர் ஆய்வகத்தில் தாங்கும் ஆயிரக்கணக்கான கிரே எங்கே! நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பக்ரேஷ்வர் வெந்நீரூற்றில் குமிழியிட்டு வரும் வாயுவில், நிலத்தடிக் கதிரியக்கத்தில் பிறந்த ஹீலியம் கலந்திருக்கிறது. இவையும் மெல்லிய கதிர்தான். இதைத் தாங்க ஓர் உயிர் பிரத்தியேகமாக எதையும் கற்கத் தேவையில்லை.

1956-இல் அமெரிக்காவின் ஆரிகனில், காமாக் கதிர் பாய்ச்சிய பிறகும் கெட்டுப்போன இறைச்சி டப்பாவிலிருந்து டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் கண்டெடுக்கப்பட்டபோதே இந்தப் புதிர் தொடங்கிவிட்டது. நாற்பது ஆண்டு கழித்து, 1996-இல், மேட்டிமோரும் பட்டிஸ்டாவும் ஒரு விடை தந்தார்கள். கதிர் தாங்க முடியாமல் கெடுத்துவிடப்பட்ட டைனோகாக்கஸ் வகைகளால் வறட்சியையும் தாங்க முடியவில்லை. உலர்தலும் டி.என்.ஏ.வை அறுக்கிறது. வறட்சிக்காகப் பழகிய உடம்பு கதிரையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டது.

கடலடி ஊற்றில் வாழும் ஆர்க்கியாவுக்கு வறட்சி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது சூடு. நம் உடம்புச் சூட்டிலேயே ஒரு மனிதச் செல்லின் டி.என்.ஏ.விலிருந்து நாளொன்றுக்குப் பத்தாயிரம் அளவில் பியூரின் எழுத்துகள் தாமாக உதிர்கின்றன என்று தாமஸ் லிண்டால் கணக்கிட்டார். இந்த வழியில் அவர் செய்த ஆய்வுகளுக்கு 2015-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. வெப்பம் ஏற ஏற உதிர்தல் வேகமெடுக்கும். நூறு டிகிரியில் அது ஆயிரக்கணக்கான மடங்கு. எழுத்து உதிர்ந்த இடத்தில் இழை எளிதில் அறுந்துவிடும். அப்படியென்றால் கொதிநிலையில் வாழும் செல்லுக்குக் காயம் ஆற்றுவது அவசரச் சிகிச்சை அல்ல, அன்றாடச் சமையல் போன்ற வேலை. கதிர் வந்து புதிதாக அறுக்கும்போது, அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது.

இதைக் கண்கூடாகக் காட்டியது 1997-இல் ஜோஸ்லின் டிருஜியெரோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை. இத்தாலியின் வுல்கானோ தீவிலிருந்து வந்த பைரோகாக்கஸ் ஃபியூரியோஸஸ் என்ற ஆர்க்கியாவுக்கு 2,500 கிரே கொடுத்தார்கள். சுமார் 19 லட்சம் எழுத்து கொண்ட அதன் ஒற்றை வளையக் குரோமோசோம், 5 லட்சம் எழுத்துக்கும் குறைவான துண்டுகளாகச் சிதறியது. மறுபடியும் 95 டிகிரியில் வைத்தார்கள். துண்டுகள் மறைந்து முழு வளையம் திரும்பி வந்தது. நாம் கை வைத்தால் தோல் வெந்துபோகும் சூட்டில், சிதறிய நூலின் பக்கங்கள் வரிசை மாறாமல் தைக்கப்பட்டுவிட்டன.

தைப்பதற்கு முன்னால், கிழியாமல் காப்பது ஒன்று இருக்கிறது. ஹென்சலும் ஹெல்முட் கோனிகும் 1988-இல் ஒன்றைக் காட்டினார்கள். ஐஸ்லாந்து வெந்நீரில் வாழும் மெத்தனோதெர்மஸ் செல்லுக்குள் பொட்டாசியமும், சுழல் டைபாஸ்போகிளிசரேட் என்ற ஒரு பாஸ்பேட்டும் மிக அடர்த்தியாக இருக்கின்றன, பொட்டாசியம் கடல்நீரில் இருப்பதைப் போல நூறு மடங்கு. அன்று அவர்கள் பேசியது புரதங்கள் சூட்டில் குலையாமல் இருப்பதைப் பற்றி. பத்தாண்டு கழித்து, எவெலின் மார்கெட்டும் பாட்ரிக் ஃபோர்தேரும் அதே போன்ற உப்பு அடர்த்தி டி.என்.ஏ.வின் எழுத்துகள் உதிர்வதையும் தடுக்கிறது என்று கண்டார்கள். ஊறுகாய்ப் பானைக்கு மட்டுமல்ல, கொதிக்கும் குரோமோசோமுக்கும் உப்பு காப்புத்தான்.

இன்னொரு காவல், ரிவர்ஸ் கைரேஸ் என்ற நொதி. மிகு வெப்பத்தில் வாழும் உயிர்கள் அனைத்திலும் இருக்கும், மிதமான வெப்பத்தில் வாழ்வனவற்றில் இருக்காத அபூர்வப் பொருள் இது. 1984-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. டி.என்.ஏ. கயிற்றை மேலும் இறுக்கமாக முறுக்கிவிடுவது இதன் வேலை. முறுக்கு அவிழாமல் காப்பதோடு இதன் வேலை நிற்கவில்லை. அறுந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, 90 டிகிரியிலும் அறுப்பு பெரிதாகாமல் இது பார்த்துக்கொள்கிறது என்று 2004-இல் வந்த ஆய்வு சொன்னது. ஆனால் இதுவே உயிர்நாடி என்று முடிவுகட்ட முடியாது. அதே ஆண்டில் இன்னொரு ஆர்க்கியாவில் இந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தபோது அது செத்துவிடவில்லை, உயர்ந்த வெப்பத்தில் மந்தமாக வளர்ந்தது, அவ்வளவுதான்.

ஆக்ஸிஜன் இல்லாத வாழ்க்கையும் ஒரு கவசம். ஆக்ஸிஜன் நிறைந்த செல்லில் அயனியாக்கும் கதிர் இரண்டு முதல் மூன்று மடங்கு சேதம் செய்யும். ஆக்ஸிஜன் குறைந்த கட்டிகள் கதிர்ச் சிகிச்சைக்கு எளிதில் மசியாமல் போவதும் இதனால்தான், எந்தப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். இந்த விஷயத்தில் கடலடி ஆர்க்கியாக்களை வியக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். குப்பியில் ஆக்ஸிஜன் இல்லாமல் வாங்கிய 5 கிலோகிரேயும், திறந்த காற்றில் இன்னோர் உயிர் வாங்கிய 5 கிலோகிரேயும் ஒன்றல்ல. கதிர் பாய்ச்சும்போது குளிரில் இருந்ததா, வளரும் பருவத்தில் இருந்ததா, திரவத்தில் என்ன கலந்திருந்தது என்பதையெல்லாம் பார்க்காமல் எண்களை மட்டும் வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவது விளையாட்டுப் போட்டிக்குச் சரி, உயிரியலுக்குச் சரிவராது.

இந்தப் பட்டியல்களில் எப்போதும் மேலே இருப்பது தெர்மோகாக்கஸ் காமாடாலரன்ஸ். கலிபோர்னியா வளைகுடாவின் கடலடி ஊற்று மாதிரிக்கு 30 கிலோகிரே கொடுத்து, மிஞ்சியதிலிருந்து பிரித்தெடுத்து, 2003-இல் எட்மொன் ஜோலிவே குழு இதை அறிவித்தது. இதன் மரபணுத் தொகுதி 2009-இல் முழுதாகப் படிக்கப்பட்டது. ஏதோ ஒரு மந்திரக் கருவி கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு, உறவினர்களிடம் இல்லாத பழுதுநீக்கும் நொதி என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் கையில் சிக்கவில்லை. கருவி அதேதான். எப்போதும் கூர்தீட்டித் தயாராக வைத்திருப்பதில்தான் வித்தியாசம் என்று எண்ண இடமிருக்கிறது.

சல்ஃபோலோபஸ் சொல்வதும் இதையே. எரிமலைச் சேற்றுக்குட்டைகளில், 75 முதல் 80 டிகிரியில், வினிகரைப் போன்ற புளிப்பில் வாழும் இந்த ஆர்க்கியா எசன் ஆய்வகத்தின் பழைய தோழன். 2007-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதன் மேல் புறஊதாவைப் பாய்ச்சி, எந்தெந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று பார்த்தன. பாக்டீரியாக்களில் இத்தகைய காயத்துக்கு அபாயச் சங்கு ஊதியதுபோல் பழுதுநீக்கும் மரபணுக்கள் ஒன்றாக எழும். சல்ஃபோலோபஸில் அப்படி எந்தச் சங்கும் ஊதப்படவில்லை. தையல்காரர்கள் முன்பே வேலையில் இருந்தார்கள். அதற்கு மாறாக எழுந்தவை, அதுவரை என்ன செய்கின்றன என்று தெரியாத சில மரபணுக்கள்.

அவை என்ன என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. சப்ரினா ஃப்ரோல்ஸும் சோன்யா ஆல்பர்ஸும் கதிர் பட்ட வளர்ப்பை மணிக்கு மணி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முதலில் தனித்தனியாகச் சிதறிக் கிடந்த உருண்டைச் செல்கள் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டத் தொடங்கின. ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொத்துக் கொத்தாகத் திரண்டுவிட்டன. விழித்த மரபணுக்கள் மெல்லிய மயிரிழைகளை உண்டாக்கி, அண்டைச் செல்லைப் பிடித்து இழுக்க உதவியிருந்தன. 2011-இல் இன்னும் ஒரு படி: பிடித்துக்கொண்ட செல்கள் டி.என்.ஏ.வைப் பரிமாறிக்கொள்கின்றன. என் பக்கம் கிழிந்தால் உன் நகலைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அந்நியனோடு ஒட்டிவிடாதபடி, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைக் கோலத்தைத் தடவிப் பார்த்துத் தன் இனத்தை அடையாளம் கண்டுகொள்கின்றன என்பது 2020-இல் வந்த முடிவு. ஒற்றைச் செல் உயிருக்குத் தனிமை என்பது நாம் வைத்த பெயர்தான்.

ஒட்டி வாழ்வது என்று வந்தால் எசனை விட்டு நகர முடியாது. வீட்டு மாடித் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் வழுவழுவென்று ஒட்டுகிறதே, அதுதான் உயிர்ப்படலம். செல்கள் சர்க்கரையும் புரதமும் கலந்த கோந்தைச் சுரந்து அதற்குள் குடியிருக்கின்றன. ஹான்ஸ்-கர்ட் ஃப்ளெமிங், யோஸ்ட் விங்கெண்டர் ஆகியோர் டூயிஸ்பர்க்-எசன் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது இந்தக் கோந்தைத்தான். 2015-இல் ஸீபர்ஸ் குழுவும் விங்கெண்டரும் சேர்ந்து, சல்ஃபோலோபஸ் படலத்திலிருந்து அதன் கோந்தைச் செல்கள் உடையாமல் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார்கள்.

கதிரும் வெப்பவிரும்பியும் எசனில் நேருக்கு நேர் சந்தித்த ஆய்வு 2017-இல் வெளியானது. யான் ஃப்ரோஸ்லர், விங்கெண்டர், ஃப்ளெமிங் ஆகியோர் கொலோனின் ரெட்பெர்க் குழுவோடு சேர்ந்து டைனோகாக்கஸ் ஜியோதெர்மாலிஸை எடுத்துக்கொண்டார்கள். டைனோகாக்கஸ் குடும்பத்தில் சூடு விரும்பும் கிளை இது. நேப்பிள்ஸ் அருகே அன்யானோ வெந்நீரூற்றிலிருந்து வந்தது, 45 முதல் 50 டிகிரியில் செழிக்கும். காகித ஆலைகளின் சூடான இயந்திரங்களில் வழுக்குப் படலம் கட்டித் தொல்லை தருவதும் இதன் உறவுதான். இதை ஒருபுறம் சவ்வுத் தாளின் மேல் படலமாக வளர்த்தார்கள். மறுபுறம் தனித்தனிச் செல்களாக வளர்த்து அதே தாளில் வடித்தார்கள். இரண்டையும் காற்றில் உலர்த்தி, வெற்றிடம், செவ்வாய்க் கோளின் காற்று, கடுங்குளிர், புறஊதா என்று ஒவ்வொன்றாகவும் சேர்த்தும் சோதித்தார்கள்.

இரண்டு மாதம் உலர்ந்தே கிடந்தபோது தனிச் செல்களின் சவ்வு பெரும்பாலும் கிழிந்தது, படலத்துச் செல்களின் சவ்வு ஏறக்குறைய அப்படியே இருந்தது. சூரியனைப் போன்ற பல அலைநீளப் புறஊதாவில் தனிச் செல்களின் வளரும் திறன் சதுர மீட்டருக்கு 5.5 மெகாஜூலைத் தாண்டியதும் சரிந்தது. படலத்தில் அதே சரிவுக்கு 270 மெகாஜூல் தாண்ட வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஐம்பது மடங்கு! மேலே இருப்பவை வெயிலை வாங்கிக்கொள்ள, கீழே இருப்பவை பிழைக்கின்றன, கோந்தும் கொஞ்சம் தடுக்கிறது. இதே உயிரின் உலர்ந்த படலங்கள் 2014 முதல் 2016 வரை சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டு, உண்மையான விண்வெளியையும் பார்த்துவிட்டுத் திரும்பின. செவ்வாய்க்கு நாம் அனுப்பும் கருவிகளோடு நம் ஊர்க் கிருமியும் போய்விடக் கூடாது என்று கவலைப்படுபவர்களுக்கு இந்த எண்கள் உறக்கம் கெடுப்பவை. கவலை நியாயமானது. வழுக்கல் ஒட்டிய ஒரு திருகாணி, பளபளப்பான நூறு திருகாணிகளைவிட ஆபத்தானது.

நம் ஊர்ப் பக்கம் பார்த்தால், கல்பாக்கத்தில் பணிபுரியும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர், அணு உலையில் பயன்படுத்திய எரிபொருளை ஆறவைக்கும் குளத்து நீரிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து 2018-இல் விவரித்தார்கள். சத்து எதுவும் இல்லாத தூய நீர், பக்கத்திலேயே கடும் கதிர், அங்கும் குடித்தனம் நடக்கிறது. திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகளைப் போன்ற நம் வெந்நீரூற்றுகளைப் பக்தியோடு பார்க்கிறோம், அதில் குளிக்கிறோம். அவற்றின் அடியில் யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு கதிரைத் தாங்குவார்கள் என்று முறையாகத் தேடும் வேலைக்கு இன்னும் நிறைய இடமிருக்கிறது.

வேறு கிரகமெல்லாம் இருக்கட்டும், இந்தச் சிற்றுயிர்களால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. அறுந்த டி.என்.ஏ.வின் முனையை முதலில் வந்து பிடிக்கும் புரத இணை எம்ஆர்இ11, ராட்50. ஆர்க்கியாவிலும் மனிதனிலும் அடிப்படையில் இது ஒன்றுதான். மனிதப் புரதம் ஆய்வகத்தில் குலைந்து குழைந்துபோகும். பைரோகாக்கஸின் புரதமோ கல்போல் நிற்கும், படிகமாக வளர்க்கலாம். கார்ல்-பீட்டர் ஹோப்ஃப்னர் முதலானோர் 2000, 2001 ஆண்டுகளில் இந்த இரண்டின் வடிவத்தையும் அப்படித்தான் தீர்த்தார்கள். வெயிலில் தலைகாட்ட முடியாத ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய்க்குக் காரணமான புரதங்களில் ஒன்று எக்ஸ்பிடி. அதன் வடிவத்தை 2008-இல் மூன்று குழுக்கள் வெளியிட்டன, மூன்றும் வெப்பவிரும்பி ஆர்க்கியாக்களிலிருந்து. அவற்றில் வூர்ஸ்பர்க் நகரில் கரோலின் கிஸ்கர் குழு பயன்படுத்தியது தெர்மோபிளாஸ்மாவின் புரதம். முதன்முதலில் கரிக்குன்றில் கிடைத்த அதே தெர்மோபிளாஸ்மா.

சூடும் கதிரும் மனித உடம்பில் சேரும்போது கணக்கு தலைகீழாகிறது. கட்டியை 41, 42 டிகிரிக்குச் சூடாக்கினால் பிஆர்சிஏ2 என்ற பழுதுநீக்கும் புரதம் சிதைகிறது என்று 2011-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நேரத்தில் கதிர் கொடுத்தால் புற்றுச்செல் தன்னைத் தைத்துக்கொள்ளத் திணறும். சிகிச்சையில் சூட்டையும் கதிரையும் சேர்த்துக் கொடுப்பதற்கு இது ஒரு காரணம். இலியாக்கிஸ் ஆராய்ந்த மாற்றுவழி ஒட்டுதல் இத்தகைய நிலையில் முக்கியமாகிறது. முறையான தையல்காரன் வராதபோது, பிழைகளோடு அவசரமாக ஒட்டும் வழி அது. பைரோகாக்கஸுக்கு 95 டிகிரி வீடு, நம் செல்லுக்கு 42 டிகிரியே தையல் ஊசி நழுவும் இடம்.

மிச்சமிருப்பது, பிழைத்தது என்றால் என்ன என்ற கேள்வி. எசன் ஆய்வில் புறஊதா பட்ட டைனோகாக்கஸ் செல்கள் பல, சத்துத் தட்டில் வைத்தபோது ஒரு புள்ளிகூட வளரவில்லை. தட்டை மட்டும் நம்பினால் அவை செத்தவை. ஆனால் சவ்வு கிழியவில்லை, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறையவில்லை, ரைபோசோம் ஆர்.என்.ஏ.வும் இருந்தது. 2021-இல் கொலோன், ரீகன்ஸ்பர்க் குழுக்கள் இக்னிகாக்கஸிலும் இதையே எதிர்கொண்டன. பத்தில் ஒன்று மட்டும் பெருகும் நிலைக்கு அதற்கு 4.7 கிலோகிரே வேண்டியிருந்தது. பெருகுவதை நிறுத்திவிட்ட செல்களும் வளர்சிதைமாற்றத்தை நிறுத்திவிடவில்லை. நீர்த்துக்கொண்டே போன குப்பி வரிசையில் கலங்காமல் தெளிந்து நிற்கும் கடைசிக் குப்பிகளை இதுவரை செத்தவை என்று எழுதி ஒதுக்கிவந்தார்கள். அவற்றுக்குள் கந்தகத்தையும் ஹைட்ரஜனையும் இன்னும் உண்டுகொண்டிருக்கும் செல்கள் எத்தனை, அவை மறுபடி பெருகுமா என்பதைக் கண்டுபிடிக்க, அந்தக் குப்பிகளை மறுபடியும் 90 டிகிரிச் சூட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.